கவிஞன் அமரும் கதிரை

நாம் கதிரை என்று சொல்லும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அவர்களுடைய 'கதெய்ரா' லத்தீன் மொழியின் 'கத்தெத்ரா'விலிருந்து பிறந்தது. அதே லத்தீன் சொல், உரோமர் பிரித்தானியாவை ஆண்ட காலத்தில் அத்தீவின் மேற்குப்புறத்து மக்களின் வாயில் புகுந்து 'காதைர்' ஆகியது. ஆக, நமது கதிரையும் வேல்ஸ் நாட்டவரின் காதைரும் ஒரே தாய்வழி வந்த சொற்கள். நமக்கு அது வெறும் தளபாடம். வேல்ஸிலோ, யாப்புப் பிசகாத ஒரு நெடுங்கவிதை எழுதி நடுவர் மூவரின் கண்ணில் தேறிய கவிஞனுக்கு நாடே எழுந்துநின்று கொடுக்கும் பரிசு அது.

வேல்ஸ் என்றதும் நம்மவர் பலருக்கு நிலக்கரிச் சுரங்கமும் ரக்பியும் இளவரசர் பட்டமும் ஞாபகம் வரும். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் டிலன் தோமஸின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். நான் இங்கு பேச விரும்புவது வெல்ஷ் மொழியைப் பற்றியும், அம்மொழியின் கவிதைத் திருவிழாவான 'ஐஸ்டெத்வொட்' பற்றியும்தான். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸின் முப்பத்தொரு இலட்சம் மக்களில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 538,300 பேர். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. உலகத்தையே வளைத்துப்போட்ட ஆங்கிலத்தின் மடியில் கிடந்துகொண்டு இந்தச் சிறிய மொழி எப்படி இன்னும் மூச்சு விடுகிறது? கவிதைதான் காப்பாற்றியது என்று வெல்ஷ் எழுத்தாளர்களே பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த விடை பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். மற்றப் பாதியைத் தேடிப் போனபோது கிடைத்தவைதான் இக்கட்டுரை.

முதலில் பழைய கதை. 1176 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு ஒரு பெருவிழா வைத்தார். ஓராண்டுக்கு முன்பே வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து எங்கும் அறிவிப்புச் செய்யப்பட்டது. இரண்டு கதிரைகள்: ஒன்று புலவனுக்கு, மற்றது இசைவாணனுக்கு. இசைப் போட்டியில் ரீஸின் சொந்த அரண்மனைப் பையன் ஒருவன் வென்றான். கவிதையில் வடபுலத்தவர் வென்றனர். வெல்ஷ்காரர் இதையே முதல் ஐஸ்டெத்வொட் என்று கொண்டாடுகிறார்கள். 'அமர்வு' என்பதே அச்சொல்லின் பொருள்.

பிற்பட்ட நூற்றாண்டுகளில் இந்த அமர்வுகள் விழாவாக இருக்கவில்லை, பரீட்சையாக இருந்தன. யாப்பு விதிகளை வரையறுப்பது, தேறிய புலவனுக்கு அனுமதிப் பத்திரம் கொடுப்பது, தேறாதவனை விரட்டுவது. 1523 இலும் 1567 இலும் கைர்விஸ் என்ற ஊரில் நடந்தவை இத்தகையன. இரண்டாவதுக்கு எலிசபெத் மகாராணியின் ஆணையே இருந்தது. கவிஞன் என்று சொல்லிக்கொண்டு வீடுவீடாகத் திரிந்து பிரபுக்களுக்குத் தொல்லை கொடுக்கும் ஊர்சுற்றிகளை ஒழிப்பது அதன் நோக்கம். (இன்றைய கவியரங்குகள் சிலவற்றைப் பார்க்கும்போது அந்த மகாராணியின் ஆணை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.)

அதற்குள் நாடே கைமாறிவிட்டிருந்தது. 1536 ஆம் ஆண்டின் சட்டம் வேல்ஸை இங்கிலாந்துடன் இணைத்தது. வழக்குமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாதவனுக்கு அரச பதவி இல்லை. புலவர்களை ஆதரித்த பிரபுக்கள் லண்டனை நோக்கித் திரும்பினார்கள். ஆதரிப்பார் இல்லாமல் புலவர் குலம் அருகியது. மொழி அத்துடன் சரிந்திருக்க வேண்டும். சரியாமல் தாங்கியது வேறொன்று: 1588 இல் வில்லியம் மோர்கன் வெளியிட்ட வெல்ஷ் பைபிள். மக்களை விரைவில் புரொட்டஸ்தாந்தராக்க வேண்டும் என்ற அவசரத்தில் அரசே அனுமதித்த மொழிபெயர்ப்பு அது. அரச கருமங்களிலிருந்து துரத்தப்பட்ட மொழி வணக்கத்தலத்தில் அரியணை ஏறியது. பின்னர் 1730களில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பாதிரியார் நடமாடும் பாடசாலைகளைத் தொடங்கினார். மழைகாலத்தில் வயல்வேலை குறைந்திருக்கும் மூன்று மாதங்களுக்கு ஓர் ஊருக்கு ஆசிரியர் வருவார். சிறுவருக்கும் கிழவருக்கும் வேதத்தைத் தாய்மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். 1761 இல் ஜோன்ஸ் இறக்கும்போது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வாசிக்கக் கற்றிருந்தனர் என்பது கணக்கு.

கவிதைதான் மொழியைக் காத்தது என்போர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிச் செல்வதை நான் கண்டிருக்கிறேன். வாசிக்கத் தெரிந்த உழவனும் இடையனும் தச்சனும் இருந்தபடியால்தான் பிறகு கவிதைப் போட்டிக்கு ஆள் கிடைத்தது. புரவலனை இழந்த கவிதை கூலிக்காரனின் கைக்கு வந்தது அப்படித்தான்.

அந்தக் கூலிக்காரர்களில் ஒருவர்தான் இந்த வரலாற்றின் மிக விசித்திரமான மனிதர். எட்வர்ட் வில்லியம்ஸ், 1747 இல் கிளமோர்கனில் பிறந்த கல்தச்சர். தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் யோலோ மோர்கானுக். பழைய ஏடுகளைத் தேடி ஊர்ஊராக நடந்தவர்; அபினிச் சாற்றுக்கு அடிமையானவர்; நினைவாற்றலில் அசுரர். 1792 ஜூன் மாதம் லண்டனில் பிரிம்ரோஸ் குன்றின் மீது கற்களை வட்டமாக வைத்து 'கோர்செத்' என்னும் புலவர் பேரவையைக் கூட்டினார். பண்டைய துருயிதப் பூசாரிகளின் காலத்திலிருந்து அறாமல் வரும் சடங்கு இது என்றார். அத்தனையும் அவருடைய கற்பனை. பதினான்காம் நூற்றாண்டின் மகாகவி டேவித் அப் குவிலிமின் பாடல்கள் 1789 இல் அச்சேறியபோது, தாம் எழுதிய பாடல்களையும் அவருடையவை என்று நுழைத்துவிட்டவர் இவர். பேரறிஞர்களும் ஏமாந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஜி.ஜே. வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் பல்லாண்டு உழைத்த பின்னரே மோசடியின் முழு அளவும் வெளிப்பட்டது.

1819 இல் கார்மார்தன் நகரின் ஒரு விடுதித் தோட்டத்தில் யோலோ தமது பேரவையை ஐஸ்டெத்வொட்டுடன் ஒட்டவைத்தார். ஒட்டியது ஒட்டியதுதான். இன்றும் வெள்ளை, நீலம், பச்சை அங்கிகள் அணிந்த கவிஞர்கள் கல்வட்டத்துக்குள் ஊர்வலமாக வருகிறார்கள். மேடையில் ஒரு பெரிய வாள் உறையிலிருந்து பாதி உருவப்படும்; 'சமாதானம் உண்டா?' என்று தலைமைப் புலவர் மூன்று தடவை கேட்பார். 'சமாதானம்' என்று சபை மூன்று தடவை பதில் சொல்லும். வாள் உறைக்குள் போகும். விழா நடக்கும் ஊர்தோறும் கற்களை நாட்டிச் செலவழிக்க முடியாமல், 2000களின் நடுப்பகுதியிலிருந்து கண்ணாடியிழையில் செய்த போலிக் கற்களையே கொண்டு திரிகிறார்கள். போலிச் சடங்குக்குப் போலிக் கல் பொருத்தம்தானே என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தம் மொழி எருமைமாட்டுப் பாஷை என்று சொல்லப்பட்ட காலத்தில் ஒரு கல்தச்சன் அதற்கு ராஜ உடை தைத்துக் கொடுத்தான். துணி எங்கே வாங்கியது என்று கேட்டது பிற்காலத்து ஆராய்ச்சியின் வேலை. அந்த வேலையும் நடந்தேறியது நல்லதே. ஏடு திருத்தியதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கௌபிரிஜ் நகரில் கடை வைத்திருந்தபோது அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனியை விற்க மறுத்தவர் யோலோ. அவருடைய சகோதரர்கள் ஜமெய்க்காவில் அடிமைகளை வைத்திருந்தார்கள்.

ராஜ உடை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை 1847 காட்டியது. வேல்ஸின் பாடசாலைகளை ஆராய லண்டன் அரசு மூன்று ஆங்கிலேய ஆணையாளர்களை அனுப்பியது. மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, விடை வராததைக் கண்டு, இம்மக்கள் அறியாமையில் கிடக்கிறார்கள் என்றார்கள். அத்துடன் நின்றிருக்கலாம். ஒழுக்கம் கெட்டவர்கள், அதற்குக் காரணங்களில் ஒன்று அவர்களுடைய மொழி என்றும் எழுதினார்கள். அறிக்கையின் நீல அட்டையைக் கொண்டு 'நீலநூல்களின் துரோகம்' என்று இன்றும் அதை வெல்ஷ் மக்கள் அழைக்கிறார்கள். வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடும் தண்டனையும் அந்நூற்றாண்டில் பல பாடசாலைகளில் இருந்தது. அடுத்து வெல்ஷ் பேசி அகப்படும் பிள்ளைக்கு அது கைமாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி.

அவமானம் இரண்டு விதமாக வேலை செய்தது. ஒரு சாரார் மொழியை இறுகப் பற்றினார்கள். மற்றவர்கள், நாங்களும் நாகரிகமானவர்கள்தான் என்று ஆங்கிலேயருக்குக் காட்டத் துடித்தார்கள். 1861 இல் அபர்டேரில் தேசிய ஐஸ்டெத்வொட் இன்றைய வடிவில் தொடங்கியபோது இரண்டாம் வகையினரின் கைதான் ஓங்கியிருந்தது. கவிதை வெல்ஷில், தலைமையுரையும் பேச்சுக்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தன் விழாவிலேயே மொழி விருந்தாளியாக இருந்தது. மேடையில் வெல்ஷ் மட்டுமே என்ற விதி 1950 இல் கேர்ஃபிலி விழாவில்தான் நடைமுறைக்கு வந்தது. அதைக் குறுகிய மனம் என்றவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆண்டின் 51 வாரங்கள் ஆங்கிலத்துக்கு, ஒரு வாரம் வெல்ஷுக்கு என்ற கணக்கில் குறுக்கம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி அந்தக் கவிதை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். யாப்பறிந்தவர்களுக்கு இது சுவையான பகுதி. கதிரைக்குரிய கவிதையின் பெயர் 'அவ்டுல்'. அதன் உயிர் 'கங்ஹானெத்' எனப்படும் ஒலியிசைவு. நமது எதுகையும் மோனையும் அடிதோறும் அல்லது சீர்தோறும் ஓரிரு இடங்களில் எழுத்தொத்து வந்தால் போதும். கங்ஹானெத் ஒரே வரிக்குள் கணக்குக் கேட்கிறது. அதன் நான்கு வகைகளில் முதலாவதன்படி, வரியை இரண்டாகப் பிரித்தால் முதற்பாதியில் வரும் மெய்யொலிகள் எல்லாம் அதே ஒழுங்கில் இரண்டாம் பாதியிலும் வரவேண்டும்; உயிரொலிகள் மாறவேண்டும். தமிழில் விளக்க நானே ஒரு வரி கட்டிப் பார்த்தேன்: 'கோடை மழை, கூடும் ஏழை.' க், ட், ம், ழ் என்பன இருபுறமும் அதே வரிசையில் நிற்கின்றன. இரண்டு பாதியும் ஒரே ஓசையில் முடிவதாக வெல்ஷ் நடுவர் இதிலும் குற்றம் பிடிப்பார். இப்படி ஒரு வரி கட்டவே எனக்கு ஒரு பின்னேரம் போயிற்று. இருநூறு வரிகள் இவ்வாறு, அதுவும் பொருள் சிதையாமல், எழுதுவதை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் வகையில் வரியின் நடுவே சில மெய்கள் கணக்கில் சேராமல் கழியலாம். மூன்றாம் வகையில் வரி மூன்று துண்டாகும். முதலிரண்டும் இயைபால் இணையும், பின்னிரண்டும் மெய்யொலியால் இணையும். நான்காவது, முற்பாதியின் இறுதியொலி வரியின் கடைசிக்கு முந்திய அசையோடு இயைவது. 'எங்லின்' என்ற சிறுபா நான்கு வரி, 30 அசை. நமது வெண்பாவைப் போல அதுவும் கல்லறைக் கல் முதல் கலியாண வாழ்த்து வரை எங்கும் பயன்படுகிறது.

இது பண்டிதர்களின் சொத்தாக முடங்காமல் இருப்பதே என்னை அதிசயிக்க வைத்தது. 1979 முதல் பி.பி.சி.யின் வெல்ஷ் வானொலியில் 'தாலூர்ன் அ பெய்ர்த்' என்றொரு போட்டி நடந்து வருகிறது. கவிஞர்களின் சேவற்களம் என்று அதைத் தமிழாக்கலாம். ஊருக்கு ஓர் அணி. விவசாயிகள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் கொடுத்த தலைப்புக்குப் பாட்டுக் கட்டி வந்து கிராம மண்டபத்தில் மோதுவார்கள். நடுவர் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிடுவார். அரைப் புள்ளிக்கும் சண்டை உண்டு. அந்த நடுவருக்குப் பெயர் 'மெய்ரின்'. முற்கால வானொலிப் போட்டியொன்றில் நடுவராக இருந்த ஒரு கவிஞரின் புனைபெயர் அது; இன்று பதவியின் பெயராகிவிட்டது. முப்பதாண்டுக்கு மேல் அந்த இடத்தில் இருந்தவர் கெரல்ட் லொய்ட் ஓவன். மொழி ஒரு சொல்கூடப் புரியாத நிலையில் இந்நிகழ்ச்சிகளில் சிலவற்றை நான் கேட்டிருக்கிறேன். வரியின் முதற்பாதி எழுப்பிய ஒலி இரண்டாம் பாதியில் திரும்பி வந்து தட்டுவது காதுக்குத் தெரிகிறது. சபை 'ம்ம்' என்று முனகுவதும் கேட்கிறது.

போட்டியின் கறார்த்தன்மைக்கு ஓர் உதாரணம். 1976 இல் கார்டிகனில் விழா. 1176 இன் 800 ஆவது ஆண்டு, அதே ஊர். மிகச் சிறந்த கவிதை என்று நடுவர்கள் தெரிந்தது அவ்வட்டாரத்து விவசாயி டிக் ஜோன்ஸுடையதை. ஆனால் அவர் அவ்விழாவின் இலக்கியக் குழுவில் அங்கத்தவர். விதிப்படி போட்டியிட முடியாது. கதிரை அலன் லுவிட் என்ற இளைஞருக்குப் போயிற்று. இருவரையும் அது புண்படுத்தியது. நெடுநாள் பேசப்பட்டது. டிக் ஜோன்ஸ் பிற்காலத்தில் தலைமைப் புலவரானார். 1973 இல் முதன்முதல் கதிரை வென்ற அலன் லுவிட், சரியாக ஐம்பதாண்டு கழித்து 2023 இல் மீண்டும் வென்றார்.

ஆனால் வெல்ஷ் மக்கள் மறக்காத கதிரை 1917 ஆம் ஆண்டினது. ட்ராவ்ஸ்வனித் கிராமத்துக்கு அருகே மலையடிவாரப் பண்ணையொன்றில் ஆடு மேய்த்தவர் எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ். புனைபெயர் ஹெத் வின். பதினான்கு வயதில் படிப்பை விட்டவர். ஊர் விழாக்களில் கதிரைகள் சில வென்றிருந்தார். 1916 தேசிய விழாவில் இரண்டாமிடம். அடுத்த ஆண்டு கட்டாய இராணுவ சேவை அவரைப் பிடித்தது. தம்பி போகாமலிருக்கத் தாம் போனார் என்பது குடும்பத்தார் கூற்று. உழவுக்காகக் கிடைத்த சில வார விடுமுறையில் எழுதிய 'வீரன்' என்னும் அவ்டுலைப் பிரான்சிலிருந்து தபாலில் அனுப்பினார். 1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் பாஷண்டேல் போரின் முதல் நாளன்று கொல்லப்பட்டார். வயது முப்பது.

செப்டெம்பர் 6 ஆம் திகதி பேர்கன்ஹெட் நகரில் விழா. பிரதமர் லொயிட் ஜோர்ஜ் சபையில் இருந்தார். வழமைப்படி வென்றவரின் புனைபெயரை மட்டும் அறிவித்து, எக்காளம் ஊதி, எழுந்து நிற்குமாறு அழைத்தார்கள். போட்டியில் எவரும் தம் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. வென்றவர் சபையில் எங்கோ அமர்ந்திருப்பார், அழைத்ததும் எழும்புவார், விளக்கு அவர்மீது விழும். அன்று எவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தார்கள். பின்னர் தலைமைப் புலவர் செய்தியைச் சொன்னார். கதிரைமீது கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. அக்கதிரையைச் செதுக்கியவர் யார் தெரியுமா? யூஜீன் வான்ஃபிளெட்டரன், போருக்குத் தப்பி பெல்ஜியத்திலிருந்து வந்து பேர்கன்ஹெட்டில் தங்கியிருந்த அகதி. அகதியின் நாட்டில் கவிஞன் புதைக்கப்பட்டான். கவிஞனின் கதிரையை அகதி செய்தான். ஹெத் வின்னின் கல்லறை இருக்கும் அதே மயானத்தில்தான் அதே நாளில் மாண்ட ஐரிஷ் கவிஞன் பிரான்சிஸ் லெட்விஜும் கிடக்கிறான்.

கறுப்புக் கதிரை அந்தப் பண்ணைவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பார்க்க வருவோருக்குக் கதவை மூடக்கூடாது என்று குடும்பம் ஒரு விதி வைத்துக்கொண்டது. சகோதரியின் மகன் அதைப் பல தசாப்தம் காத்தார். 2012 இல் தேசியப் பூங்கா அதிகாரசபை வீட்டை வாங்கிப் புதுப்பித்து, நூற்றாண்டில் மக்களுக்குத் திறந்தது. அவருடைய கதையை எடுத்த 1992 ஆம் ஆண்டுத் திரைப்படம்தான் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வெல்ஷ் மொழிப் படம். திரைக்கதையில் அதே அலன் லுவிட்டின் கை இருக்கிறது. படத்துக்குப் பின்னால் நின்றது எஸ்.ஃபோர்.சி என்னும் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி.

அந்தத் தொலைக்காட்சி எப்படி வந்தது என்ற கதையில்தான் நான் தேடிய மற்றப் பாதி கிடைத்தது.

1911 இல் வெல்ஷ் பேசியோர் ஏறக்குறைய பத்து இலட்சம். 1961 இல் ஆறரை இலட்சம். இந்த ஐம்பதாண்டுகளிலும் கதிரை கொடுக்கப்பட்டே வந்தது. நல்ல கவிதைகளும் வந்தன. மொழி மட்டும் வீடுகளிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1962 பெப்ரவரி 13 ஆம் திகதி நாடகாசிரியரும் விமர்சகருமான சோண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் 'மொழியின் விதி' என்று உரையாற்றினார். இப்படியே போனால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இராது என்றார். கவிதை எழுதச் சொல்லவில்லை அவர். வரிப் பத்திரம், வழக்கு, தபால், உள்ளூராட்சி ஆகியவற்றில் வெல்ஷ் இல்லாமல் அரச கருமம் நடக்க முடியாதபடி செய்யச் சொன்னார். அதே ஆண்டு இளைஞர்கள் வெல்ஷ் மொழிச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1963 இல் அபரிஸ்ட்வித்தில் பாலத்தை மறித்து அமர்ந்தார்கள். பிறகு ஆங்கிலம் மட்டுமிருந்த வீதிப் பலகைகளுக்குப் பச்சை வர்ணம் பூசினார்கள். அபராதம் கட்ட மறுத்துச் சிறை போனார்கள். போனவர்களில் ஒருவரான பாடகர் டேவித் இவான் 1983 இல் பாடிய பாட்டு, 2022 இல் கட்டார் உலகக்கிண்ணத்துக்குப் போன வேல்ஸ் உதைபந்தாட்ட அணியின் கீதமாயிற்று.

சோண்டர்ஸ் லூயிஸின் சொல்லுக்குச் சூடேற்றியது ஒரு பள்ளத்தாக்கு. லிவர்பூல் மாநகரசபை தண்ணீருக்காக ட்ரவெரின் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ள 1957 இல் பாராளுமன்றத்தில் சட்டம் பெற்றது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. அப்படியும் சட்டம் நிறைவேறியது. காப்பெல் கெலின் என்ற ஊரின் வீடுகள், பாடசாலை, தபாலகம், தேவாலயம், மையவாடி எல்லாம் நீருக்கடியில் போயின. 1965 ஒக்டோபரில் திறப்பு விழாவை ஆர்ப்பாட்டக்காரர் சில நிமிடங்களில் முடித்துவைத்தனர். லிவர்பூல் மன்னிப்புக் கேட்டது 2005 இல்.

மையவாடியை இழந்தவர்களின் துயரம் என்னவென்று நமது வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிகழ்ச்சி நினைவில் நின்றதற்கு ஓர் எழுத்தாளர் காரணம். மெய்க் ஸ்டீவன்ஸ், பின்னாளில் பெயர்பெற்ற பதிப்பாசிரியர், 1960களில் லான்ரஸ்டிட் அருகே பாழ்வீடொன்றின் சுவரில் 'ட்ரவெரினை நினைவில் வை' என்று இரண்டே சொல் எழுதினார். வெல்ஷ் இலக்கணப்படி ஊர்ப்பெயரின் முதலெழுத்துத் திரிய வேண்டும், அவர் திரிக்கவில்லை. பின்வந்தவர்கள் வர்ணம் புதுப்பித்தபோது புணர்ச்சியையும் திருத்தினார்கள். 2019 இல் யாரோ அச்சுவரை இடித்தார்கள். சில வாரங்களுக்குள் அதே இரண்டு சொற்கள் வேல்ஸெங்கும் சுவர்களிலும் கொட்டில்களிலும் முளைத்தன. கதிரை பெற்ற கவிதைகள் எதற்கும் இவ்வளவு படிகள் அடிக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

தொலைக்காட்சிக்கு வருவோம். வெல்ஷுக்குத் தனி அலைவரிசை தருவதாகத் தேர்தலில் வாக்களித்த அரசு பின்னர் கைவிரித்தது. அனுமதிக் கட்டணம் செலுத்த ஆயிரக்கணக்கானோர் மறுத்தனர். 1980 இல் தேசியவாதத் தலைவர் க்வின்வோர் எவன்ஸ், ஒக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். செப்டெம்பர் 17 இல் அரசு பணிந்தது. 1982 நவம்பர் முதலாம் திகதி ஒளிபரப்புத் தொடங்கியது. மொழிச் சட்டங்கள் 1967 இலும் 1993 இலும் வந்தன. 2011 இல் வெல்ஷ் முழு உத்தியோக அந்தஸ்துப் பெற்றது. ஒவ்வொன்றும் யாரோ சிறை சென்றதன் பின் வந்தது. இவர்களில் பலர் கவிஞர்கள், கவிஞர்களின் மாணவர்கள், ஐஸ்டெத்வொட் மேடைகளில் சிறுபிராயத்தில் பாடியவர்கள். கதிரை மொழியைக் காப்பாற்றவில்லை. எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அது.

குறைகளையும் சொல்லவேண்டும். கதிரை ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரீஸ் பிரபுவின் விழாவிலிருந்து கணக்கிட்டால் 825 ஆண்டுகள். வென்றவர் மெரெரிட் ஹொப்வூட். 2024 இல் தலைமைப் புலவர் பதவிக்கும் வந்தார். மரபு யாப்பு ஆண்களின் தொழிற்சங்கமாக இருந்தது என்பதே காரணம். பெண்களுக்கு யாப்பு வராது என்று சொன்னவர்கள் கற்றுக்கொடுக்கவும் இல்லை. அவர் வென்றதோடு நில்லாமல் கங்ஹானெத் கற்பிக்கும் பாடநூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். எனக்கு அது வெற்றியைவிடப் பெரிதாகப் படுகிறது.

2018 இல் விழா கார்டிஃப் துறைமுகப் பகுதிக்கு வந்தது. வழமையான வேலி இல்லை. உள்நுழையக் கட்டணம் இல்லை. அந்த இடம் பழைய 'டைகர் பே'யின் ஓரம். யெமன், சோமாலிய மாலுமிகள் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்த தெருக்கள். அங்கே பீல் வீதியில் இருந்த பள்ளிவாசல் 1941 இல் ஜேர்மன் குண்டுவீச்சில் சேதமுற்றுப் பின்னர் மீளக் கட்டப்பட்டது. 1952 இல், மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமியைச் செய்யாத கொலைக்காகக் கார்டிஃப் சிறையில் தூக்கிலிட்டார்கள். 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது. அவருடைய கதையை நாவலாக்கிய நதீஃபா முஹம்மதின் நூல் 2022 இல் வேல்ஸின் ஆண்டுக்குரிய புத்தகப் பரிசைப் பெற்றது. அது ஆங்கில நாவல். இம்மக்களின் வாழ்வு வெல்ஷ் மொழியில் போதிய அளவு எழுதப்படவில்லை என்ற குறை அங்குள்ளவர்களே சொல்வது. மறுபுறத்தில், அமெரிக்கா கடவுச்சீட்டைப் பறித்திருந்த கறுப்பினப் பாடகர் போல் றொப்சனை, 1957 இல் அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகத் தமது ஐஸ்டெத்வொட்டில் பாடவைத்தவர்கள் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள். போர்த்கோல் மண்டபத்தில் ஐயாயிரம் பேர் அதைக் கேட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எண்கள் என்ன சொல்கின்றன? 2001 இல் நூற்றுக்கு 20.8 ஆக ஏறிய வெல்ஷ் பேசுவோர் வீதம் 2011 இல் 19 ஆகவும் 2021 இல் 17.8 ஆகவும் இறங்கியது. இறக்கம் கூடுதலாகத் தெரிந்தது பிள்ளைகளிடம். 2050 இல் பத்து இலட்சம் பேர் என்று வேல்ஸ் அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதை நம்புவோரையும் நம்பாதோரையும் நான் வாசித்திருக்கிறேன். என் மனம் நம்பாதோர் பக்கமே சாய்கிறது. வட மேற்கில் வீட்டு விலை ஏறி, ஊர்ப் பிள்ளைகள் வெளியேறி, விடுமுறைக்கு வருவோர் வீடு வாங்கும்போது பாடசாலை மட்டும் என்ன செய்யும்?

ஆனாலும் ஒரு செய்தியைச் சேர்த்துவிடுகிறேன். 1962 இல் ஆரம்பித்த அந்த மொழிச் சங்கத்துக்கு 2023 இல் தலைவராகத் தெரிவானவர் ஜோசெஃப் க்னாக்போ. ஐவரி கோஸ்டில் பிறந்து, புகலிடம் தேடி கார்டிஃபுக்கு வந்து, அங்கே வெல்ஷ் கற்றுக்கொண்டவர்.